வீட்டுக் கடனுக்குக் கோடு கிழித்த கதை



நம்மில் பலர் வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள். தவணை தேதி வரும்போது வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. 2015க்குப் பிறகு வாங்கியவர்களில் தகுதி பெற்றவர்களுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தது. குறைந்த வருமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு அதிகபட்சம் சுமார் 2.67 லட்சம் ரூபாய் கடன் கணக்கிலேயே கழிக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில், அதே வருமானமுள்ள ஒருவர், அதே வங்கியில் கடன் வாங்கி, நகர எல்லையைத் தாண்டி ஓர் ஊராட்சியில் வீடு கட்டியிருந்தால் கணக்கு வேறு. நகரத்துக்கான திட்டத்தில் முதல் 6 லட்சம் ரூபாய் கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம். ஊரகத்துக்கு 2017 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் கடனுக்கு 3 சதவீதம். முதலாண்டு வட்டியை மட்டும் பார்த்தால், கோட்டுக்கு இந்தப் பக்கம் 39,000 ரூபாய் மிச்சம். அந்தப் பக்கம் 6,000 ரூபாய். சாலை ஒன்றுதான், மண் ஒன்றுதான். நடுவில் ஒரு எல்லைக் கோடு.

அரசு உதவியோடு வீடு என்றாலே இப்படி ஒரு கோடு இருக்கும். நகரமா கிராமமா என்பது ஒன்று. பட்டா உண்டா, கூரை எதனால் ஆனது, கடலிலிருந்து எத்தனை மீட்டர், வீட்டில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று இன்னும் பல. நம் விருத்தாசலம் இந்தக் கோடுகள் பலவும் வந்து சேரும் ஊர். சுற்றிலும் ஊராட்சிகள், நடுவில் நகராட்சி. கடல் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மாவட்டம் கடலூர், கடலோர மாவட்டம். ஆகவே இந்தக் கோடுகள் எப்போது, யாரால், ஏன் போடப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

1957: முதலில் வந்தது கடன்தான்

கிராம மக்களுக்கு வீடு என்றால் இலவச வீடு என்றுதான் இன்று பலர் நினைக்கிறோம். தொடக்கம் அப்படி இல்லை. சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாக 1957-ல் மத்திய அரசு கொண்டுவந்த கிராம வீட்டுவசதித் திட்டம் ஒரு கடன் திட்டம். தனிநபர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் கடன். அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல.

ஆனால் 1980-ல், அதாவது ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்தபோது, இந்தியா முழுவதும் அத்திட்டத்தில் கட்டி முடிக்கப்பட்ட வீடுகள் 67,000 மட்டுமே. 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வளவுதான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடன் வேண்டுமென்றால் அடமானம் வேண்டும். அடமானம் வைக்கத் தன் பெயரில் மனை வேண்டும். நிலமில்லாத கூலித் தொழிலாளியின் குடிசை பெரும்பாலும் வேறொருவர் மண்ணில் நின்றது. அறுவடைக்கு அறுவடை வரும் கூலியை வைத்து மாதத் தவணை கட்டவும் முடியாது. கடன் வாங்கும் தகுதி உள்ளவருக்கு ஏற்கெனவே ஓட்டு வீடாவது இருந்தது. வீடு இல்லாதவருக்குக் கடன் வாங்கும் தகுதி இல்லை. இந்த முடிச்சு அன்று விழுந்தது; இன்னும் முழுதாக அவிழவில்லை.

1971: 'குடியிருப்பு' என்ற சொல்

நம் சங்கத்தின் பெயரிலேயே உள்ள 'குடியிருப்பு' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தனி வரலாறு உண்டு. 1971-ல் தமிழ்நாடு அரசு, குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலவுடைமையாளரின் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்துவந்த உழவர்களும் விவசாயக் கூலிகளும் அந்தக் குடியிருப்பு மனைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அதுவரை 'என் இடத்தைவிட்டுக் கிளம்பு' என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அந்த அச்சத்துக்குச் சட்டம் ஒரு தடை போட்டது.

அதே 1971-ல் மத்திய அரசும் கிராமத்து நிலமற்றோருக்கு வீட்டுமனை தரும் திட்டத்தைத் தொடங்கி, 1974-ல் மாநிலங்களிடம் ஒப்படைத்தது. முதலில் மனை, பிறகு வீடு என்ற வரிசை ஒருவழியாகச் சரியாயிற்று. பின்னாளில் வந்த ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும் அலுவலர் கேட்கும் முதல் கேள்வி 'பட்டா இருக்கிறதா?' என்பதுதான். நத்தம் பட்டா, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டா, இலவச வீட்டுமனைப் பட்டா என்று கிராமத்துப் பெட்டிகளில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாள்களின் மதிப்பு இதனால் வந்தது.

1985: கடன் போய் மானியம் வந்தது

1985-ல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. முதலில் அது ஊரக நிலமற்றோர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு கிளை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்கு மட்டும். 1993-94 முதல் பிற ஏழைக் குடும்பங்களுக்கும் விரிந்தது. 1996 ஜனவரி 1 முதல் தனித் திட்டமாயிற்று.

வீடுகளை ஓரிடத்தில் வரிசையாகச் சேர்த்துக் கட்டியதால் 'தொகுப்பு வீடு' என்று நம் பக்கத்தில் பெயர் விழுந்தது. 'காலனி வீடு' என்றும் சொல்வார்கள். வீடு பெண்ணின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது இத்திட்டத்தின் நல்ல விதி. தன் பெயரில் ஒரு சொத்து என்பதை முதன்முதலாகப் பார்த்த பெண்கள் நம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம்.

இத்திட்டத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை. அதுவே அதன் பலம். கொடுத்த தொகை வீடு கட்டி முடிக்கப் போதவில்லை என்பது அதன் பலவீனம். 2013-ல்கூடச் சமவெளிப் பகுதிக்கு 70,000 ரூபாய்தான். அடித்தளம் போட்டு, சுவர் எழுப்பி, லிண்டல் மட்டத்தில் நின்றுபோன தொகுப்பு வீடுகளை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். மீதிப் பணத்துக்குக் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போனது. மகளிர் குழுக் கடன் வந்தது. கந்து வட்டியும் வந்தது.

நடுவில் நின்றவர்கள்

மானிய வீடு பெறும் அளவு ஏழை இல்லை. வங்கியில் முழுக் கடன் வாங்கும் அளவு வசதியும் இல்லை. இப்படி நடுவில் நிற்பவர்களுக்காக 1999 ஏப்ரல் 1 முதல் ஊரக வீட்டுவசதிக்கான கடனும் மானியமும் சேர்ந்த திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 32,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மானியம் 10,000 ரூபாய் வரை, கடன் 40,000 ரூபாய் வரை. அரசின் கை பின்னால் இருக்கும் ஊரக வீட்டுக் கடன் என்று சொன்னால் இதுதான் சரியான உதாரணம். ஆனால் அது நீண்ட நாள் ஓடவில்லை. 2002-ல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

இதற்கு முன்பே நிறுவனங்கள் பல உருவாகியிருந்தன. 1970-ல் ஹட்கோ, 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி, சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி 1997-ல் பொன்விழா ஊரக வீட்டுக் கடன் திட்டம். 2008-ல் இன்னொரு வழி திறந்தது. இந்திரா திட்டப் பயனாளிகளுக்குப் பொதுத்துறை வங்கிகள் 20,000 ரூபாய் வரை 4 சதவீத வட்டியில் கடன் தரலாம் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2016-ல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்திலும், விரும்பும் பயனாளிக்கு 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழிசெய்ய வேண்டும் என்று விதி உண்டு. 1957-ல் முழுக் கடனாக இருந்தது, 60 ஆண்டுகளில் மானியத்தோடு ஒட்டிக்கொண்ட சிறு கடனாகச் சுருங்கிவிட்டது.

கூரை சொல்லும் தகுதி

பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் சமவெளியில் வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் தருகிறது. குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தன் பங்குக்கு மேல் தனித் தொகையும் சேர்க்கிறது. யாருக்கு வீடு என்பதை 2011-ல் எடுத்த சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு முடிவுசெய்தது. வீடே இல்லாதவர், அல்லது இரண்டு அறைக்குள் அடங்கும் கச்சா வீட்டில் இருப்பவர். கச்சா வீடு என்றால் சுவரும் கச்சா, கூரையும் கச்சாவாக இருக்க வேண்டும்.

மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊர் நம்முடையது. செராமிக் கல்லூரி என்று நாம் சொல்லும் பயிலகமும், பீங்கான் தொழிற்பேட்டையும், அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் கூடங்களும் நம் அடையாளம். ஆகவே இந்த விதியை நம்மூர்க்காரர்கள் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கலாம். அந்தக் கணக்கெடுப்பில் கையால் செய்த ஓடு கச்சா. இயந்திரத்தில் செய்த ஓடு பக்கா. குயவர் வனைந்து சூளையில் சுட்ட நாட்டு ஓடு ஏழையின் கூரை. ஆலையில் அச்சில் வார்த்த சீமை ஓடு வசதியானவரின் கூரை. கீற்று கச்சா, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பக்கா.

சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ஒரு மதியம் இருந்தவர்களுக்கு, அது பக்கா வீடா இல்லையா என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கீற்றுக் கூரை ஆண்டுக்கு ஆண்டு மாற்ற வேண்டியிருக்கிறதே என்று கடன் வாங்கி ஷீட் போட்ட குடும்பம், அந்தச் சிறு முன்னேற்றத்தாலேயே பட்டியலுக்கு வெளியே போனது. செங்கல் சுவர் எழுப்பிவிட்டுக் கூரைக்குப் பணமில்லாமல் கீற்று வேய்ந்த குடும்பத்துக்கும் அதே கதி. நம் பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்பது ஒருமுறை பேருந்தில் போனாலே தெரியும்.

மாநிலத் திட்டங்கள் வேறு வழியில் வந்தன. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்கோடு தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியதும் அதன் இடத்தில் 300 சதுர அடியில், சூரிய மின்விளக்குகளோடு, ஆண்டுக்கு 60,000 பசுமை வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 360 சதுர அடி, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடுகள். பெயர்கள் மாறின, தொகைகள் மாறின. குடிசை இருக்கிறதா, மனை சொந்தமா என்ற கேள்விகள் மாறவில்லை.

கடலிலிருந்து 200 மீட்டர்

இனிக் கடலோரத்துக்குப் போவோம். 1991 பிப்ரவரி 19 அன்று மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. வளர்ந்த நகரப் பகுதிகள் இரண்டாம் வகை. பெரும்பாலான கிராமக் கடற்கரை மூன்றாம் வகை. அதில் முதல் 200 மீட்டர் புதிய கட்டுமானம் கூடாத பகுதி.

இங்கேயும் நகரம், கிராமம் என்ற கோடு வந்து நிற்பதைக் கவனியுங்கள். நகரக் கடற்கரையில் ஏற்கெனவே உள்ள சாலைக்கு உள்பக்கம் கட்டடம் கட்டலாம். கிராமக் கடற்கரையில் தலைமுறையாக வாழும் மீனவர் தன் குடிசையின் இடத்தில் புது வீடு கட்ட நினைத்தால் 200 மீட்டர் கோடு குறுக்கே நிற்கும். கிராமம் என்பதால் வீட்டு மானியத்துக்குத் தகுதி. அதே கிராமம் என்பதால் இருக்கும் இடத்தில் கட்டத் தடை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் முதல் தெற்கே பரங்கிப்பேட்டை வரையிலான மீனவர் ஊர்கள் சிதைந்தன. 2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை மறுகுடியமர்வுக்கு விதி வகுத்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்கள் 200 மீட்டருக்கு அப்பால் போனால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். போக விரும்பாதவர்கள் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது.

உயிரைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் மீனவருக்குக் கரை என்பது வேலை செய்யும் இடம். விடியலுக்கு முன்னே காற்றும் நீரோட்டமும் பார்த்துப் படகை இறக்க வேண்டும். வலை உலர்த்த வேண்டும். பெண்கள் கரையிலேயே மீனை ஏலம் எடுத்துக் கூடையோடு சந்தைக்குக் கிளம்ப வேண்டும். கரையைவிட்டுத் தள்ளிப் போனால் வீடு பாதுகாப்பாக இருக்கும், தொழில் தூரமாகிவிடும். வீடா, கரையா என்று தேர்ந்தெடுக்கும்படி ஓர் அரசாணை ஒரு சமூகத்தைக் கேட்டது.

பிறகு கோடு மெல்ல நகர்ந்தது. 2011 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகங்களின் குடியிருப்புக்கு வழிவிட்டது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமக் கடற்கரையில் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. மக்கள் நெருக்கம் குறைந்த இடங்களில் 200 மீட்டர் அப்படியே நீடிக்கிறது.

படகு வைத்திருந்தால் வீடு இல்லை

ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரம் இழந்த மீனவர்களுக்கு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகளும் இயந்திரங்களும் வழங்கப்பட்டன. 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் ஊரக வீட்டுவசதித் திட்டத்துக்கு 13 விலக்கு விதிகள் வகுக்கப்பட்டன. மோட்டார் சைக்கிள் இருந்தால் வீடு இல்லை. குளிர்சாதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி இருந்தால் இல்லை. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் இல்லை. வருமான வரி, தொழில் வரி கட்டுபவருக்கு இல்லை. அந்த வரிசையில் இயந்திரம் பொருத்திய மீன்பிடிப் படகும் இருந்தது.

நிவாரணமாக ஒரு கை கொடுத்த படகையே காரணம் காட்டி இன்னொரு கை வீட்டை மறுத்தது. உழவருக்கு மாடு எப்படியோ, மீனவருக்குப் படகு அப்படி. கடலோர மாவட்டத்தின் வாழ்க்கையை அறியாமல் எழுதப்பட்ட விதி இது.

இந்த விதி 2024-ல்தான் மாறியது. 2024 முதல் 2029 வரை மேலும் 2 கோடி வீடுகள் என்று திட்டம் நீட்டிக்கப்பட்டபோது, விலக்கு விதிகள் 13-லிருந்து 10 ஆகக் குறைந்தன. இருசக்கர வாகனம், மீன்பிடிப் படகு, குளிர்சாதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி ஆகியவை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. மாத வருமான வரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. 2016-லிருந்து 2024 வரை இந்த விதிகளால் விடுபட்ட குடும்பங்கள் மீண்டும் தகுதி பெற்றிருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது.

கடல் நம்மைத் தேடி வந்த நாள்

கடலோர விதி நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 2011 டிசம்பர் 30 அதற்குப் பதில் சொன்னது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடற்கரையோடு நிற்காமல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்தது. காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வளர்த்த மரங்கள் ஒரே காலையில் போயின. கீற்றுக் கூரைகள் பறந்தன.

அதன்பின் மாநில அரசு, தானே பாதித்த பகுதியில் குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் தனித் திட்டத்தை அறிவித்தது. கடலைப் பார்க்காத ஊர்களின் குடிசைகளும் அந்தப் புயலால் வீட்டுத் தகுதி பெற்றன. கடலோர மாவட்டத்தில் இருப்பதன் விலையும் பயனும் ஒரே நேரத்தில் நம் வட்டாரத்துக்கு வந்த நிகழ்வு அது. 2015 நவம்பரில் பெருமழை வெள்ளம் மாவட்டத்தின் உட்பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை.

அமெரிக்காவில் எப்படி?

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருப்பதால் ஒரு ஒப்பீடு. அங்கே 1949 வீட்டுவசதிச் சட்டம் உழவர்களுக்கு வீட்டுக் கடன் தர வேளாண் துறைக்கு அதிகாரம் தந்தது. 1961-ல் உழவரல்லாத கிராமவாசிகளுக்கும் அது விரிந்தது. இன்றும் அந்தத் துறை ஊரக வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. முன்பணம் இல்லாமலே வீடு வாங்கலாம். வாங்குபவருக்கு வருமான வரம்பு உண்டு, வீடு இருக்கும் ஊருக்கும் மக்கள்தொகை வரம்பு உண்டு.

இதில் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, முன்பு கிராமம் என்று கணக்கிடப்பட்ட ஊர் சற்று வளர்ந்தாலும், 35,000 பேரைத் தாண்டாமல் ஊரகத் தன்மையோடு இருக்கும்வரை தகுதி தொடர இடமுண்டு. எல்லை மாறிய மறுநாளே கதவு சாத்தப்படுவதில்லை. இரண்டு, வெள்ள ஆபத்துப் பகுதி என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் வீடு இருந்தால், அரசு சார்ந்த கடனுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயம். 1973 முதல் இது சட்டம். கடலோரத்தில் கடன் மலிவு, காப்பீடு கனமானது. ஆபத்தை அங்கே விலையாக வசூலிக்கிறார்கள். இங்கே தூரமாக அளக்கிறோம்.

நாளை நகரும் கோடு

நம் நாட்டில் நகரம் என்பது பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்பின் பெயரைப் பொறுத்தது. நகராட்சி, பேரூராட்சி என்றால் நகரம். ஊராட்சி என்றால் கிராமம். 5,000 பேருக்கு மேல் மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம், ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும். நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே நீடிக்கும்.

2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது கிராமங்களில் எதிர்ப்புக் கிளம்பியதை நினைவுகூருங்கள். வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற கவலைகள் முன்னால் நின்றன. ஊரக வீட்டுத் திட்டமும் கூடவே போகும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பதிலாக நகரத் திட்டத்தின் கதவு திறக்கும் என்பதையும் கவனிக்கவில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு, 35 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டுக்கு வாங்கும் 25 லட்சம் ரூபாய் வரையிலான கடனில், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. மொத்தம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து தவணைகளில்.

நகர எல்லைக்கு வெளியே மனை வாங்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் மனை அறிவிக்கப்பட்ட நகரத் திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சியாக இருந்தாலும் அப்படிப்பட்ட பகுதியில் இருந்தால் நகரத் திட்டத்தில் சேர வாய்ப்புண்டு.

நம்மால் ஆனது

நம் குடியிருப்பின் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தோட்டக்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பிகள் எல்லோரும் பெரும்பாலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து வருகிறவர்கள். காலையில் நம் மெத்தை வீட்டைப் பெருக்கிவிட்டு மாலையில் கீற்றுக் கூரைக்குத் திரும்புகிறவர்கள் அவர்களில் உண்டு. 'அப்பவே எழுதிக் கொடுத்தோம், வண்டி இருக்குன்னு சொல்லி எடுத்துட்டாங்க' என்று யாராவது சொன்னால், அந்த விதி இப்போது இல்லை என்று நாம் சொல்லலாம்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா பெயரிலேயே கிடந்தால், பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க உதவுங்கள். ஊராட்சியில் விவரம் கேட்கக் கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. பயனாளிப் பட்டியல் அங்கே படிக்கப்பட வேண்டும். விடுபட்டவர் எழுந்து கேட்கலாம். அந்த நாளில் அவர்களுக்கு அரைநாள் விடுப்பு கொடுப்பது நமக்குப் பெரிய இழப்பு இல்லை. வீடு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1957-லிருந்து இன்றுவரை இந்தக் கோடுகள் பலமுறை அழிக்கப்பட்டு மறுபடி கிழிக்கப்பட்டிருக்கின்றன. மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 200 மீட்டர் சில இடங்களில் 50 ஆனது. படகு விதி போயிற்று. மோட்டார் சைக்கிள் விதி போயிற்று. சுவரும் கூரையும் இரண்டுமே கச்சாவாக இருக்க வேண்டும் என்ற விதி அடுத்து மாற வேண்டியது. அதைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதி அனுப்ப யாராவது முன்வந்தால், எழுத்து வேலைக்கு நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற அலுவலர்களுக்குக் குறைவில்லை.